கூட்டாஞ்சோறும் கோணல் தையலும்

வாரத்துக்கு ஏழு நாட்கள் என்பது பஞ்சாங்கக்காரரின் கணக்கு. குடும்பஸ்தனின் கணக்கில் இருப்பவை இரண்டே நாட்கள்தாம். மற்ற ஐந்து நாட்களும் அவன் ஆபீஸுக்குச் சொந்தம். குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். இல்லத்தரசியோ எல்லோருக்கும் சொந்தம், தனக்கு மாத்திரம் சொந்தமில்லை. சனியும் ஞாயிறும் வந்தால்தான் ஒருவர் முகத்தை மற்றவர் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. பம்பாய் ஆலைகளில் ஓய்வின்றி உழைத்த தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை வேண்டுமென்று நாராயண் மேகாஜி லோகண்டே என்னும் பெரியார் வருஷக்கணக்கில் போராடினார். 1890-ஆம் வருஷத்தில்தான் ஆலை முதலாளிகள் அதற்கு இணங்கினார்கள். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற நாளை நாம் எப்படிக் கழிக்கிறோம்? ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கிறோம். லோகண்டே அவர்கள் இதைக் கண்டிருந்தால் நம்மைத் திரும்பவும் ஆலைக்கே அனுப்பியிருப்பார்.

நாமும் அந்தக் குற்றத்திற்கு ஆளானவரே. ஆனால் சென்ற ஆடி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மாத்திரம் வேறு விதமாகக் கழிந்தது. அதைப் பற்றிச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

எண்ணூறு ரூபாய்

மதுரையில் நாம் வேலை பார்க்கிறோம். நம் தமையனார் அம்பாசமுத்திரத்துக்கு அருகே, தாமிரபரணிக் கரையிலுள்ள நம் சொந்தக் கிராமத்தில் இருக்கிறார். எழுபத்தைந்து வயதான அன்னையாரும் அவரோடுதான் வாசம். ஒரு நாள் இரவு தமையனார் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி! அம்மாவின் தையல் மெஷினைப் பழைய இரும்புக் கடைக்காரர் 800 ரூபாய்க்குக் கேட்கிறார். அம்மாவும் 'கொடுத்துத் தொலை' என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?"

நமக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. அந்த மெஷின் எங்கள் வீட்டில் ஒரு சாமான் அல்ல, ஓர் ஆள். நம் தந்தையார் 1971-ஆம் வருஷத்தில் வாங்கி வந்த கை மெஷின் அது. வலது கையால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். இடது கையால் துணியை நகர்த்த வேண்டும். 1984-இல் தந்தையார் காலமானபோது தமையனாருக்குப் பன்னிரண்டு வயது, நமக்கு ஏழு, தங்கைக்கு நான்கு. அன்றிலிருந்து அந்தச் சக்கரம் சுழன்றதனால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. ரவிக்கை ஒன்றுக்கு மூன்று ரூபாய். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் தெருப் பிள்ளைகளின் சீருடை எல்லாம் எங்கள் திண்ணையில்தான் குவிந்து கிடக்கும். "கடகட"வென்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிய நாம், மெஷின் நின்ற இரவுகளில் தூக்கம் கலைந்து விழித்ததுண்டு.

யந்திரங்கள் என்றாலே ஆகாது என்று காந்தியடிகள் கருதியதாகச் சிலர் நினைக்கிறார்கள். 1924-ஆம் வருஷத்தில் நடந்த ஒரு சம்பாஷணையில் அவர் தையல் மெஷினுக்கு விதிவிலக்கு அளித்தார். வீட்டில் கையால் தைத்துத் தைத்துக் களைத்துப் போகும் பெண்ணிடம் கொண்ட அன்பிலிருந்து பிறந்த கருவி அது என்பது அவர் அபிப்பிராயம். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ என்பவர் 1846-லும், ஐஸக் சிங்கர் என்பவர் 1851-லும் தங்கள் மெஷின்களுக்குப் பேடண்ட் உரிமை பெற்றார்கள். ஊசியின் காதைத் தலையில் வைக்காமல் நுனியில் வைத்ததும், மேலிருந்து ஒரு நூலும் கீழே பாபினிலிருந்து ஒரு நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளும்படி செய்ததுமே அதிலுள்ள ரகசியம். நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவிலேயே 'உஷா' மெஷின்கள் தயாராகத் தொடங்கின. அந்த வம்சத்தில் வந்ததுதான் எங்கள் வீட்டு மெஷினும்.

"நான் நேரில் வருகிறேன், அதுவரை இரும்புக் கடைக்காரரை வாசற்படி ஏற்ற வேண்டாம்" என்று தமையனாரிடம் சொன்னோம். தங்கைக்கும் செய்தி போயிற்று. அவளும் திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு வருவதாகச் சொன்னாள்.

சீமையிலிருந்து வந்த விருந்தாளிகள்

சனிக்கிழமை காலையில் புறப்படும்போது நம் வீட்டில் ஒரு சிக்கல் ஏற்பட்டது. நம் பெண்ணுக்கு வயது பத்து, பையனுக்கு ஆறு. அவர்கள் இரண்டு கினிப் பன்றிகள் வளர்க்கிறார்கள். பழுப்பு நிறமானது 'கடலை'. வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்டது 'எள்ளு'. "இவற்றை யாரிடம் விட்டு வருவது?" என்று குழந்தைகள் தர்ணாச் செய்யத் தொடங்கவே, ஒரு மூங்கில் கூடையில் அவையும் பிரயாணப்பட்டன.

கினிப் பன்றி என்ற பெயரில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. அது பன்றியும் அல்ல. கினி தேசத்தைச் சேர்ந்ததும் அல்ல. எலி, அணில் வகையைச் சேர்ந்த அந்தச் சாதுப் பிராணியின் பூர்விகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பிரதேசம். அங்குள்ள மக்கள் பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்பே அதை வீட்டில் வளர்த்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயிற்று. தமிழில் அதற்குச் 'சீமைப் பெருச்சாளி' என்றும் ஒரு பெயர் உண்டு.

அந்தப் பெயர் கிராமத்தில் நமக்குப் பெரிய உதவியாயிற்று. கூடையைக் கண்டு முகம் சுளித்த நம் மதினி, "இது என்ன கண்ராவி?" என்று கேட்டாள். "சீமைப் பெருச்சாளி, பெரியம்மா! அறுகம்புல்தான் தின்னும்" என்றான் பையன். மதினியின் முகம் மாறிவிட்டது. "அப்படியா? பெருச்சாளி, அதுவும் அறுகம்புல்! பிள்ளையார் வீட்டு உறவாக அல்லவா இருக்கிறது!" என்று சொல்லி, தாமே கொல்லைக்குப் போய் ஒரு கை புல் பறித்து வந்தாள்.

இந்தப் பிராணியை வளர்க்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு விஷயம் சொல்லி வைப்போம். இது தனிமை தாங்காது. ஜோடியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கடும் வெயிலும் ஆகாது; சாரல் காலமாக இருந்ததனால்தான் நாம் துணிந்து அழைத்துச் சென்றோம். மனிதர்களைப் போலவே இதன் உடம்பிலும் வைட்டமின் ஸி தானாக உண்டாவதில்லை. ஆகையால் புல்லோடு தினந்தோறும் கொத்தமல்லியோ, ஒரு துண்டு கொய்யாவோ கொடுத்தாக வேண்டும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் இதற்கு விஷம். எல்லாவற்றுக்கும் மேலாக, பயம் வந்தால் நுழைந்து ஒளிந்துகொள்ள ஓர் இருட்டான இடம் வேண்டும். கூடையில் அது இல்லாததால் கடலையும் எள்ளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன.

தேங்காய் நார்

அன்று மாலை கூட்டாஞ்சோறு என்று தீர்மானமாயிற்று. நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். ஊர்க் குழந்தைகள் ஆளுக்கொரு கைப்பிடி அரிசியும் பருப்பும் காயும் தத்தம் வீட்டிலிருந்து கொண்டு வந்து, ஒரே பானையில் பொங்கிச் சாப்பிடும் விளையாட்டே கூட்டாஞ்சோறு. பெரியவர்கள் அந்த ருசியை விட மனமில்லாமல் வீட்டுச் சமையலாகவும் ஆக்கிக்கொண்டார்கள். அரிசியும் துவரம் பருப்பும் வேகும்போது கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், ஒரு கீற்று மாங்காய் எல்லாம் சேரும். தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம், சின்ன வெங்காயம் இவற்றை அரைத்து விட்டு, கொஞ்சம் புளியும் கரைத்து ஊற்றி, இறக்குகிற சமயத்தில் முருங்கைக் கீரையைத் தூவிக் கிளற வேண்டும். தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டினால் அடுத்த தெருவிலிருந்து விசாரணைக்கு ஆள் வரும்.

கொல்லையில் கல் கூட்டி அடுப்பு வைத்தாயிற்று. எல்லோருடைய கைபேசிகளையும் தங்கை பிடுங்கி ஒரு பித்தளைத் தூக்கில் போட்டு மூடினாள். கிணற்றடியில் அன்னையார் பெரிய பானையைத் துலக்க உட்கார்ந்தார். பக்கத்தில் கினிப் பன்றிகளைப் புல்லில் மேய விட்டிருந்தோம்.

அன்னையார் தேங்காய் நாருக்காகக் கையை நீட்டினார். பழுப்பு நிறமாகப் பக்கத்தில் கிடந்த ஒன்றை எடுத்தார். சாம்பலில் தோய்க்கப் போனார். "கீ...க்!" என்று ஒரு கூச்சல் எழுந்தது!

அவர் எடுத்தது நாரல்ல; கடலை!

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. குழந்தைகள் புரண்டு புரண்டு சிரித்தார்கள். தமையனாருக்குப் புரையேறிவிட்டது. அன்னையாரும் கூடவே சிரித்தார். ஆனால் நம் பெண் மாத்திரம் சிரிக்கவில்லை. கடலையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, ஆச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி! இது உங்களுக்கு நாராகவா தெரிந்தது? கண்ணும் மூக்கும் தெரியவில்லையா?"

"இருட்டிவிட்டதடி, கண்ணே!"

"மணி ஐந்துகூட ஆகவில்லையே, ஆச்சி?"

சிரிப்பு அடங்கிப் போயிற்று. ஒரு வருஷமாக நடந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக எங்களுக்கு நினைவு வந்தன. "நூல் இப்போதெல்லாம் மட்டமாக வருகிறது" என்று அன்னையார் சொன்னது, "முதுகு வலிக்கிறது, இனிமேல் தையல் வேண்டாம்" என்று மெஷினைத் துணி போட்டு மூடியது, வாசலில் நின்ற மைத்துனரை "யாரப்பா?" என்று கேட்டது. மெஷின் துருப்பிடித்ததற்குக் காரணம் முதுகும் அல்ல, நூலும் அல்ல. ஊசியின் காது தெரியவில்லை. அதைச் சொல்லவும் அவருக்கு மனமில்லை. பெற்ற பிள்ளைகள் மூவர், வாரந்தோறும் தொலைபேசியில் "சௌக்கியமா?" என்று கேட்டோம், "சௌக்கியம்" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டோம். பத்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

பானையை மதினி வாங்கித் துலக்கினாள். சோறு வெந்தது. அன்னையார் வழக்கம்போல் நடுவில் உட்கார்ந்து, பானையிலிருந்து எடுத்து உருட்டி உருட்டி ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஆளுக்கு இரண்டு. எந்தக் கை பெரியது, எந்தக் கை சிறியது என்பதைத் தொட்டே தெரிந்துகொண்டு அவர் உருண்டை பிடிப்பதைப் பார்க்கையில், இத்தனை நாளும் இதைக் கவனிக்காமற் போனோமே என்று நமக்குச் சோறு தொண்டையில் நின்றது.

தையலில்லாத சிகிச்சை

இரவு திண்ணையில் பேச்சு ஆரம்பமாயிற்று. தமையனாரின் மூத்த பெண் செவிலியர் கல்லூரியில் படிக்கிறாள். கைவிளக்கை அடித்துப் பார்த்து, "ஆச்சிக்குப் புரை முற்றியிருக்கிறது போலத் தோன்றுகிறது, டாக்டர் பார்த்துத்தான் நிச்சயம் சொல்ல வேண்டும்" என்றாள்.

அன்னையார் பிடிகொடுக்கவில்லை. "எல்லாம் எனக்குத் தெரியும். என் மாமியாருக்குக் கண்ணை அறுத்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாதே என்று நாள்கணக்கில் படுக்க வைத்தார்கள். அதன்பிறகும் சோடாப் புட்டி மாதிரி ஒரு கண்ணாடி! எனக்கு அது வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னது பொய்யல்ல. அந்தக் காலத்து முறை அதுதான். கண்ணுக்குள் இருக்கும் வில்லை கலங்கிப்போவதே புரை. மருந்து விட்டு அதைக் கரைக்க முடியாது. எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்த இடம் வெறுமையாக இருந்தமையால் கனத்த கண்ணாடி அவசியமாயிற்று. 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையை வைத்துக் காட்டினார். ஆனால் அந்த வில்லை நம் ஏழைகளின் கைக்கு எட்ட வெகு காலம் ஆயிற்று.

எட்டும்படி செய்தவர்களில் முக்கியமானவர் நம் கரிசல் பூமியில், எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில், 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. வாலிபத்திலேயே மூட்டு வாத நோய் கண்டு அவருடைய கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் சிகிச்சைகளைச் செய்தார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-லிருந்து வில்லைகளையும் அவர்களே தயாரிக்கலானார்கள். விலை வெகுவாக இறங்கிற்று. பணம் கொடுக்க முடியாதவர்களுக்கு அங்கே இலவச சிகிச்சை உண்டு. திருநெல்வேலியிலும் அதற்கு ஒரு கிளை இருக்கிறது.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, "இப்போது மணல் மூட்டையும் இல்லை, படுக்கையும் இல்லை. மரத்துப்போக மருந்து போட்டுச் சில நிமிஷங்களில் முடிந்துவிடும், ஆச்சி! அநேகமாகத் தையல்கூடப் போடுவதில்லை" என்றாள் பேத்தி.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அன்னையார் சடக்கென்று திரும்பினார். "தையல் இல்லையா? வெட்டின இடம் தைக்காமல் எப்படி நிற்கும்?"

நாற்பது வருஷம் தைத்தவர் கேட்ட கேள்வி அது. பேத்தி ஒரு காகிதத்தை மடித்து, அன்னையாரின் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினாள். வெட்டை நேராகப் போடாமல், சாய்வாக ஒரு சுரங்கம் போலப் போடுவார்கள். கண்ணின் உள் அழுத்தமே அதன் வாயை அமுக்கி மூடிவிடும் என்று விளக்கினாள்.

அன்னையார் காகிதத்தை இரண்டு மூன்று தடவை தடவிப் பார்த்தார். "ஓகோ! ஒன்றின் மேல் ஒன்று படிகிற மடிப்பு. கெட்டிக்காரத்தனம்தான்" என்றார். சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்ற வார்த்தையும் அதற்குப்பின் வரவில்லை.

இரண்டு பேரும் ஒரு மெஷினும்

ஞாயிற்றுக்கிழமை காலை. கடலைக்கும் எள்ளுக்கும் ஒளிந்துகொள்ள ஒரு பை வேண்டும் என்று நம் பெண் பிடிவாதமாக இருந்தாள். தையற்கடையில் கேட்டதற்கு, ஆடித் தள்ளுபடித் துணிகள் குவிந்து கிடக்கின்றன, பத்து நாளாகும் என்றார்கள்.

"மெஷின் இருக்கிறது. கண்தான் இல்லை" என்றார் அன்னையார்.

"என்னிடம் கண் இருக்கிறது, ஆச்சி. எனக்கு மெஷின்தான் தெரியாது."

நாம் மெஷினைத் தூக்கி வந்து திண்ணையில் வைத்தோம். தமையனார் துருவைத் துடைத்து, தேங்காயெண்ணெயை எடுத்தார். "அதை விட்டால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும், மெஷின் எண்ணெய் வாங்கி வா" என்று அதட்டல் கிளம்பியது. அந்த அதட்டலை நாங்கள் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது!

மதினி ஒரு பழைய சுங்குடிச் சேலையைக் கொடுத்தாள். பலமுறை துவைத்துப் பஞ்சாய்ப்போன சேலை. உள்ளே பழைய துவாலை ஒன்று. ஓரத்தில் நூல் பிசிறு இருந்தால் அந்தப் பிராணிகளின் கால் விரலில் சுற்றிக்கொள்ளும் என்று குழந்தை சொன்னாள். "அப்படியானால் இரட்டை மடிப்பு" என்று உத்தரவாயிற்று. பெண் ஊசி கோத்தாள், பாபினைப் பொருத்தினாள், துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அன்னையார் சக்கரத்தைச் சுழற்றினார்.

"கடகட கடகட."

உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்த தங்கை, அம்மியை விட்டு எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஒரு சாண் தைத்ததும் அன்னையார் தையலை நகத்தால் வருடிப் பார்த்தார். "மேல் நூல் இறுக்கம். முன்னாலிருக்கிற திருகை அரைச் சுற்றுத் தளர்த்து." கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரிந்தது. மறுபடி சக்கரம் சுழன்றது. துணியைப் பிடிக்கும் கைக்கு அநுபவம் இல்லை. சுழற்றும் கைக்குப் பார்வை இல்லை. தையல் தாமிரபரணியைப் போல வளைந்து வளைந்து போயிற்று. ஆனாலும் பத்து மணிக்குள் பை தயாராகிவிட்டது. கீழே வைத்ததுதான் தாமதம். கடலை முதலிலும் எள்ளு பின்னாலுமாக நுழைந்து, இரண்டு மூக்குகள் மாத்திரம் வெளியே தெரிந்தன.

"என்ன செய்கின்றன?" என்று கேட்டார் அன்னையார்.

"உள்ளே இருக்கின்றன, ஆச்சி! மூக்கை ஆட்டுகின்றன."

அன்னையார் குனிந்து பார்த்தார். ஒன்றும் புலப்படவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, தமையனார் பக்கம் திரும்பி, "அந்தத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு என்றைக்குப் போக வேண்டும்?" என்றார்.

இரும்புக் கடைக்காரரின் பேச்சை அதன்பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

பின்னுரை

மூன்று வாரத்துக்குள் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை நடந்து முடிந்தது. குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்ற நிபந்தனைகளையெல்லாம் அன்னையார் முணுமுணுத்துக்கொண்டே அனுஷ்டித்தார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை நாம் குழந்தைகளோடும் கூடையோடும் மறுபடி போயிருந்தோம். அன்னையார் முதலில் கடலையைத் தூக்கி, "நாருக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லையே!" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு பையை எடுத்தார். ஜன்னலண்டை கொண்டு போய்ப் பார்த்தார்.

"ஐயோ! இந்தக் கோணலையா நான் தைத்தேன்? கொண்டு வா கத்தரிக்கோலை. பிரித்துத் தைத்துத் தருகிறேன்."

நம் பெண் பையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் கொடுக்க மறுத்துவிட்டாள்.

நேயர்களே! உங்கள் வீட்டிலும் துணி போட்டு மூடிய தையல் மெஷினோ, படிக்காமல் மடித்து வைத்த பத்திரிகையோ, எரியாமல் நிற்கும் விளக்கோ இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, அது ஏன் என்று விசாரியுங்கள். தொலைபேசியில் கேட்டால் "சௌக்கியம்" என்றுதான் சொல்வார்கள்.